நாற்பது மைலில் நடுக்கம் இல்லை

கொட்டாஞ்சேனை கராஜில் நான் எழுதிய ஜொப் கார்டுகளில் ஒன்றில் மட்டும் பொய் இருக்கிறது. முன் சில்லு வேலை பழகுகிறவர்களுக்கு அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அது யுத்த காலம். மருதானையில் இரும்புக் கடை வைத்திருந்த ஹாஜியாரின் பழைய ஜீப்பை அவருடைய டிரைவர் சுனில் கொண்டுவந்தார். ஐம்பது வயது கடந்தவர். சிங்களவர். அண்ணன் என்ற முறையில் நான் அவரை அய்யே என்பேன். தம்பி என்ற முறையில் அவர் என்னை மல்லி என்பார். முஸ்லிம் கடையில் இருபது வருடம் இருந்ததால் தமிழ் தாராளமாகக் கதைப்பார்.

"முப்பத்தஞ்சு மைல்ல ஒரு குழியில விழுந்தாப் போதும் மல்லி, ஸ்டியரிங் பேய் பிடிச்ச மாதிரி ஆடுது. நிப்பாட்டினாத்தான் அடங்குது. எனக்கு வயசு போய் கை நடுங்குதாம், ஹாஜியார் சொல்றார்."

"கை நடுங்கினா சில்லு ரெண்டும் ஏன் ஆடுது? இறங்குங்க அய்யே, பாப்பம்."

முன்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சில்லை மேலும் கீழும் பிடித்து அசைத்தேன். இடப்பக்கம் ஆட்டம் இருந்தது. அது வீல் பெயாரிங்கில் இருக்கலாம்; சில்லு திரும்பும் அச்சான கிங் பின்னிலும் இருக்கலாம். ஒருவர் பிரேக்கை மிதித்திருக்கும்போது மறுபடி அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் போனால் வீல் பெயாரிங், போகாவிட்டால் கிங் பின். சுனில் அய்யே மிதித்தார். ஆட்டம் குறைந்தது, ஆனால் ஒரு மயிரிழை மிஞ்சியது.

கிங் பின்னைக் கழற்றினால் இரண்டு நாள் வேலை. ஹாஜியாருக்கு மறுநாளே ஜீப் வேண்டும். வீல் பெயாரிங்கை இறுக்கினேன், இரண்டு சில்லையும் இணைக்கும் தண்டின் தேய்ந்த முனையான டை ரொட் என்ட் ஒன்றை மாற்றினேன், புதிய ஸ்டியரிங் டாம்பர் போட்டேன். டாம்பர் நடுக்கத்தை அமுக்குமே தவிர, அதன் காரணத்தைத் தீர்க்காது. ஆகவே இந்த வேலைக்குப் பிறகு குழி விழுந்த ரோட்டில் நாற்பது மைல் வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் வாகனத்தைக் கொடுக்கக் கூடாது. இது எனக்கு நன்றாகத் தெரியும்.

நாற்பதில் ஓட, களனிப் பாலத்தைத் தாண்டிப் போக வேண்டும். பாலத்தடியில் செக்பொயின்ட். இரண்டு மாதத்துக்கு முன் வாடிக்கையாளரின் வான் ஒன்றை ஓட்டிப் பார்க்கப் போன என்னை அங்கே இறக்கினார்கள். வாகனம் என் பெயரில் இல்லை. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். பின்னேரம் வரை வைத்திருந்து விட்டார்கள். கராஜில் டயர் பஞ்சர் என்று சொல்லிச் சமாளித்தேன். பயம் என்று சொல்ல வெட்கம்.

சுனில் அய்யே அதை எப்படியோ ஊகித்திருந்தார். "நான் ஓட்டுறன் மல்லி, நீ பக்கத்தில இரு. ஆமிக்காரனோட நான் கதைக்கிறன்."

எனக்குச் சுர்ரென்றது. "எனக்கு ஒருத்தரும் துணைக்கு வரத் தேவையில்ல. நீங்க போய்த் தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்க."

அவர் போனார். நான் ஒழுங்கை முனையிலிருந்து மாதா கோயில் வரை ஓட்டித் திரும்பினேன். வேகம் இருபதைத் தாண்டவில்லை. கார்டில் எழுதினேன்: "ரோட் டெஸ்ட் செய்யப்பட்டது. 40 மைலில் நடுக்கம் இல்லை." கீழே என் கையெழுத்து.

ஆறாம் நாள், புத்தளம் ரோட்டில் ஒரு குழியில் விழுந்து சில்லு ஆடி, ஜீப் வாய்க்காலுக்குள் இறங்கியது. சுனில் அய்யேயின் தோள் எலும்பு உடைந்தது. ஹாஜியார் என் கார்டைப் பார்த்தார், வாகனத்தில் பிழையில்லை என்று முடிவுசெய்தார், டிரைவரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்.

ஜீப்பைக் கட்டியிழுத்து எங்களிடமே கொண்டுவந்தார்கள். கிங் பின்னைக் கழற்றினேன். அதன் பெயாரிங் முழுக்கக் குழி குழியாகத் தேய்ந்திருந்தது. ஒருநாள் அடியில் அப்படி ஆகாது. கராஜ் முதலாளி எட்டிப் பார்த்து, "என்ன, பழைய தேய்வோ?" என்றார்.

"இல்ல, அடிபட்டதில போயிட்டுது" என்றேன். பெயாரிங்கைத் துணியில் சுற்றி என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன்.

பத்து நாள் கழித்து, கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி சுனில் அய்யே வந்தார், ஜீப்பில் கிடந்த தன் செருப்பையும் சீப்பையும் எடுக்க. போகும்போது ஒரு கொப்பியை என் மேசையில் விரித்தார். டிரைவர்மார் தினமும் மீட்டர் எழுதி வைக்கும் ரன்னிங் சார்ட் அது.

"கராஜில விட்டப்ப 61,412. எடுத்தப்ப 61,413. பாலம் தாண்டிப் போய் வர எட்டு மைல், மல்லி."

கொப்பியை மூடினார்.

"ஹாஜியாருக்கு இன்னும் காட்டல்ல. நீயே சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்."

லாச்சியைத் திறந்து பெயாரிங்கை எடுத்துக்கொண்டு அவரோடு மருதானைக்குப் போனேன். நடந்ததை ஹாஜியாரிடம் ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அவர் பெயாரிங்கை உருட்டிப் பார்த்தார். கொப்பியையும் கார்டையும் அருகருகே வைத்து வாசித்தார்.

"எழுத்து எவ்வளவு வடிவா ஈக்குது தம்பி. இதப் பாத்துத்தான் இந்த மனிசன வீட்டுக்கு அனுப்பினேன்."

கை சுகமானதும் சுனில் அய்யே திரும்ப வேலைக்கு வந்தார். நான் அன்றிலிருந்து ஒவ்வொரு கார்டிலும் உள்ளே வந்த மீட்டர், வெளியே போன மீட்டர் இரண்டையும் எழுதுகிறேன். ஓட்டாவிட்டால் "ஓட்டிப் பார்க்கவில்லை" என்று எழுதுகிறேன். பழகுகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். பயம் குற்றமில்லை. அதை மறைத்து எழுதும் கார்டை நம்பி இன்னொருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்.

புதிய கிங் பின் போட்ட ஜீப்பை ஓட்டிப் பார்க்க, கை சுகமாகி வந்த சுனில் அய்யேயைத்தான் கேட்டேன். மறுக்காமல் வந்தார். பாலத்தடியில் சிப்பாய் என் அடையாள அட்டையைப் புரட்டியபோது, சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பிவிட்டார். நாற்பதில் குழியில் இறக்கினார். ஸ்டியரிங் அசையவில்லை.

"சரிதானே, மஹத்தயா?" என்றார், முன்பின் தெரியாதவரை ஐயா என்கிற மாதிரி.

அதன்பின் ஒருநாளும் அவர் என்னை மல்லி என்று கூப்பிடவில்லை.