மருந்துத் தண்ணீர்

நாமக்கல் பக்கம் குத்தகைக்குப் பிடித்த கோழிப்பண்ணையில் நானும் அவளும் குடும்பமாக இருந்தோம். இரண்டு பேருக்கும் முப்பது தாண்டியாயிற்று. நான் அவளைக் கடத்திவிட்டேன் என்று அவள் அப்பா போலீசில் புகார் கொடுத்தார்.

இன்ஸ்பெக்டர் மரியாதைக்காரர். “ஏனுங்க, ரெண்டு பொம்பளைங்க ஒரே ஊட்டுல என்னங்க குடும்பம்?” என்றார். இது குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது என்றேன். “அது டெல்லியிலீங்க. இது நம்மூருங்க” என்று சொல்லி, அவளை அப்பாவோடு அனுப்பிவிட்டார்.

எனக்கு அழுகை வரவில்லை. தீவனம் போட்டேன், முட்டை பொறுக்கினேன். என் வக்கீலம்மாதான், விருப்பமில்லாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று மனுப் போட்டார்.

கோர்ட்டுக்கு அவளைப் புதுப் புடவை கட்டிவிட்டுக் கூட்டி வந்தார்கள். வராந்தாவில் நான் கிட்டே போனதும் பின்வாங்கினாள். கையை நீட்டினேன், இன்னும் தள்ளிப் போனாள். “மனசை மாத்திட்டாங்க போல” என்றார் வக்கீலம்மா. அவள் அப்பா என்னைப் பார்த்து, பழக்கதோஷம், “சாப்ட்டீங்களா?” என்றார். “ஆச்சுங்க” என்றேன். பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை.

யாரோடு போக விருப்பம் என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவள் என்னைக் காட்டினாள். “இவங்களோடங்க. என்னை யாரும் கடத்தலைங்க. நானாத்தான் போனேன்.” வயது வந்த பெண், இஷ்டப்படி போகலாம் என்றார் அவர். என் மேல் இருந்த கடத்தல் வழக்கு மட்டும் அப்படியே நின்றது.

பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு இப்போது வருந்துகிறாளோ என்று நினைத்தேன். அந்த நினைப்பும் வலிக்கவில்லை, மரத்த காலைக் கிள்ளினதுபோல இருந்தது.

பண்ணை கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள்.

“கிட்ட வராத. அப்பா பண்ணையில தீவன ரூம்புலதான் பூட்டி வெச்சிருந்தாங்க. அங்க கோழிக்குச் சீக்கு, கொத்தாச் சாகுது. நம்ம கோழிக்கு ஒட்டிக்கும்.”

“கோர்ட்டுலயே சொல்லியிருக்கலாமில்ல?”

“நாலு பேரு காதுல உழுந்தா அப்புறம் அப்பா முட்டைய யாரு வாங்குவாங்க?”

வாளியில் தண்ணீரும் மாற்றுத் துணியும் கொண்டுபோய் வைத்துவிட்டு விலகினேன். கேட்டோரத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலிருந்து புடவையை வீசினாள். கொளுத்திவிடட்டுமா என்று கேட்டேன்.

“வேண்டாம். மருந்துத் தண்ணியில ஊறப்போடு. அம்மா எடுத்துக் குடுத்தது.”

கொட்டகைக்குத் தெளிக்கிற கிருமி மருந்தை வாளியில் கலந்து ஊறப்போட்டேன். தண்ணீர் ஊற்றும் சத்தத்தையும் மீறி அவள் அழுவது கேட்டது. குளித்து முடிக்கும்வரை கிட்டே போகக் கூடாது. நின்றுகொண்டிருந்தேன்.