முதலில் போட்ட டோக்கன்

31.05.2024 — ரூ. 1,500
07.06.2024 — ரூ. 1,500
14.06.2024 — ரூ. 1,500
17.06.2024 — ரூ. 1,500
மொத்தம் — ரூ. 6,000

இந்த நான்கு அபராதங்களையும் விதித்தது மனிதர் யாருமில்லை. சில்வியா எழுதிய ஒரு நிரல் விதித்தது.

சில்வியா பிறந்தது 1992 நவம்பர் 9, ராயபுரத்தில். தந்தை பாஸ்கல் கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை பார்த்தவர். கணிதத்தில் பட்டம் வாங்கிய சில்வியா, 2014 ஜூலையில் மணலி சாலையில் இருந்த ஒரு கன்டெய்னர் யார்டில் டோக்கன் கிளார்க்காகச் சேர்ந்தாள். ஒன்பது ஆண்டுகள் வாசல் ஜன்னலில் உட்கார்ந்து, டிரெய்லர் எண்ணைக் கேட்டு, சீட்டுக் கிழித்துக் கொடுத்தாள். ஊரடங்கின்போது பைத்தான் கற்றுக்கொண்டாள். 2023 டிசம்பரில் மாடியில் மென்பொருள் வேலை கொடுத்தார்கள். 2024 ஜூன் 30 வரை சோதனைக் காலம்.

கொடுத்த வேலை, டோக்கனைச் செல்பேசியில் போட ஒரு ஏபிஐ எழுதுவது. அது என்னவென்று அம்மா ஐரீன் கேட்டார்.

"நான் குந்தின ஜன்னல்தாம்மா. சீட்டு உள்ள வரும். சரியா இருந்தா டோக்கன் போவும், தப்பா இருந்தா சீட்டே திரும்பிப் போவும். உள்ள ஆளு மட்டும் கெடையாது."

"ஆளு இல்லாத ஜன்னல்ல யாராண்ட போய் சண்ட போடுவாங்க?" என்றார் ஐரீன். சில்வியா சிரித்தாள்.

ஃபாஸ்ட்ஏபிஐ என்னும் பைத்தான் கட்டமைப்பில் எழுத நான்கு மாதம் பிடித்தது. சீட்டின் எந்தக் கட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்று ஒருமுறை வரையறுத்துவிட்டால், பொருந்தாததை அது தானே திருப்பிவிடும். செல்பேசி எண்ணுக்குப் பத்து இலக்கம், வண்டி எண் இன்ன வடிவம் என்று எல்லாம் வரையறுத்தாள். எண்ணூர் பக்கம் சிக்னல் மோசம். பதில் வராவிட்டால் ஓட்டுநர்கள் பொத்தானை நாலைந்து தடவை அழுத்துவார்கள். அதற்காக ஒரு விதி சேர்த்தாள்: ஒரே செல்பேசி எண்ணிலிருந்து மறுபடி பதிவு வந்தால், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ள வேண்டும். 27.05.2024 திங்கட்கிழமை ஏபிஐ ஓடத் தொடங்கியது. தினமும் பகல் பன்னிரண்டுக்கு அன்றைய டோக்கன் பதிவு திறக்கும், அரைமணியில் நிரம்பிவிடும். டோக்கன் இல்லாமல் வாசலுக்கு வரும் வண்டிக்கு 1,500 அபராதம். முப்பது நாளுக்குள் நான்கு முறை வந்தால் நுழைவு அட்டை தானாகவே முடங்கும்; பிறகு டோக்கனும் கிடைக்காது.

18.06.2024 செவ்வாய்க்கிழமை காலை முதன்முதலாக ஓர் அட்டை முடங்கியது. தண்டையார்பேட்டை தமீமுடைய அட்டை. சொந்த டிரெய்லர், பதினாறு ஆண்டுகளாக இதே யார்டு. ஜூலை 1 அன்று ஆண்டு ஒப்பந்த வண்டிகளின் பட்டியல் முடிவாகும். அட்டை முடங்கிய வண்டிக்கு அதில் இடமில்லை.

வாசலில் சத்தம் கேட்டு சில்வியா இறங்கி வந்தாள். தமீமும், இன்னொரு டிரெய்லர் ஓட்டும் அவருடைய கூட்டாளி வில்சனும் நின்றிருந்தார்கள்.

"வாம்மா சில்வியா. நாலு தபாவும் எனுக்கு டோக்கன் போட்டேன்றான் இவன். போடலன்னுது உன் மிசினு. ரெண்டுல யாரோ ஒருத்தர் பொய் சொல்றாங்க," என்றார் தமீம்.

"இன்னா மாமு, என்னிய நம்ப மாட்டியா? இந்தா, மெசேஜ் கீது பாரு."

"மெசேஜ் கீது, டோக்கன் எங்கடா? உனுக்கு மட்டும் கரீட்டா கெடைக்குது."

"மொதல்ல உன்துதான் போட்டேன். அப்பாலதான் என்து."

"கிழிச்ச."

சில்வியா மாடிக்குப் போனாள். நான்கு தேதிகளையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் கிழமையைக் குறித்தாள். மூன்று வெள்ளிக்கிழமைகள், ஒரு பக்ரீத்.

தாள் அவள் கையிலேயே நின்றது. தமீம் பாய் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்கும் பெருநாளுக்கும் போகும்போது வில்சன் அவர் வண்டியைப் பார்த்துக்கொள்வார்; பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் வில்சன் வண்டியை பாய் பார்த்துக்கொள்வார். "பாய் வண்டிக்கும் சேத்துக் குடும்மா" என்று வில்சன் ஜன்னலில் நீட்டிய கையில், ஒன்பது ஆண்டுகள் இரண்டு சீட்டு வைத்தவள் அவளேதான்.

நிரலின் பதிவேட்டைத் திறந்தாள். 31.05.2024, பகல் 12:00:41, வில்சனின் செல்பேசி, தமீமின் வண்டி: ஏற்கப்பட்டது. 12:02:10, அதே செல்பேசி, வில்சனின் வண்டி: ஏற்கப்பட்டது. இரண்டாவது வந்ததும் முதலாவதை நிரல் எடுத்துவிட்டிருந்தது. மற்ற மூன்று நாட்களும் இதே வரிசைதான். வில்சன் ஒருநாளாவது தனக்கு முதலில் போட்டிருந்தால் அன்று அவருடைய டோக்கன்தான் போயிருக்கும். நான்கு முறையும் அவர் கூட்டாளிக்குத்தான் முதலில் போட்டிருக்கிறார்.

பதிவேட்டு வரிகளையும் சேர்த்து அவள் எழுதிக் காட்டிய அந்தத் தாளை யார்டு மேலாளர் ரவிக்குமார் இரண்டு முறை படித்தார்.

"சிஸ்டம் கோளாறுன்னு ஒரு வரி எழுதிக் குடு. போதும்."

"ஒரு வரிக்கு ஹெட் ஆபீஸ்ல அட்டைய தெறப்பாங்களா சார்?"

"மாட்டாங்க. காரணம் கேப்பாங்க."

"அப்போ காரணத்தையே எழுதிடறேன்."

"உன் பேரு வரும். இன்னும் பன்னெண்டு நாள்தான், பர்மனென்ட் ஆயிடுவ. அந்தாளுக்கு வேற யார்டு கெடைக்காதா?"

"ஜூலை ஒண்ணுக்குள்ளயா சார்?"

ரவிக்குமார் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

19.06.2024 அன்று இரண்டு பக்கக் கடிதத்தைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினாள். பதிவேட்டின் எட்டு வரிகளையும் அப்படியே சேர்த்து, 'இந்த விதியை எழுதியவள் நான். ஒருவர் இன்னொருவருக்கும் டோக்கன் எடுக்கும் வழக்கம் எனக்குத் தெரிந்திருந்தும் அதைக் கணக்கில் கொள்ளவில்லை' என்று முடித்தாள். அன்று மாலையே நிரலைத் திருத்தினாள்; இனிப் பதிவுக்கு அடையாளம் செல்பேசி எண் அல்ல, வண்டி எண். ஒரு செல்பேசியிலிருந்து இரண்டு வண்டிகளுக்குப் பதிந்தால் இரண்டும் நிற்கின்றனவா என்று சோதிக்க ஒரு சோதனையும் எழுதினாள். முதலில் தமீமின் வண்டி, பிறகு வில்சனின் வண்டி. இரண்டும் நின்றன.

வாசலுக்கு இறங்கிப் போய் இருவரிடமும் சொன்னாள். தமீம் வில்சனைப் பார்த்தார்.

"உன்த மொதல்ல போட்டுனு இருந்தா இந்த பேஜாரே இல்ல, இல்லடா?"

"அப்போ என் அட்ட பூட்டிக்கினு இருக்கும். நீ ஜாலியா உள்ள போயிருப்ப."

"போயிருப்பேன்," என்றார் தமீம். "டீ சொல்லு. என் கணக்குல."

தலைமை அலுவலகத்திலிருந்து மூன்று கடிதங்கள் வந்தன. 24.06.2024 அன்று வந்தது சில்வியாவுக்கு: சோதனைக் காலம் ஆறு மாதம் நீட்டிக்கப்படுகிறது. அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தாள். 26.06.2024 அன்று வந்தது தமீமுக்கு: அபராதம் ரூ. 6,000 ரத்து. அட்டையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. மறுநாள் சில்வியா இரண்டு முறை தலைமை அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினாள். 'பரிசீலனையில் இருக்கிறது' என்றார்கள்.

மூன்றாவது, ஸ்பீட் போஸ்டில், தமீம் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில் யார்டு வாசலுக்கு வந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியவர் வில்சன். உறையைப் பிரிக்காமல் தமீம் வண்டியின் ஸ்டீயரிங் மேல் வைத்துவிட்டு, செல்பேசியை எடுத்து, வழக்கம்போலக் கூட்டாளியின் வண்டிக்கு முதலில் டோக்கன் போட்டார். மாடியில் சில்வியாவின் திரையில் அந்த வண்டி எண் பச்சையில் ஏறியது; அட்டை திறந்துவிட்டது என்பது அவளுக்கு அப்போதே தெரிந்தது. அடுத்த நிமிடம் வில்சனின் வண்டி எண்ணும் கீழே வந்தது. இரண்டும் நின்றன.

கடைசிக் கடிதம் வந்த நாள் 28.06.2024, வெள்ளிக்கிழமை.