சோழவரம் திரும்பும் பாட்டு

மதிலோரம் வண்டியை நிறுத்தி, கடைசி ஆள் இறங்கி கம்பெனி கேட்டுக்குள் நுழைவதைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் பென்னி இன்ஜினை அணைப்பார். அப்புறம் எழுந்து, ஜன்னல் திரைகளை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டுக்கொண்டே பஸ்ஸின் கடைசிவரை போவார். அங்கே நீளச் சீட்டில் ஒரு பழைய கம்பளிக்குள் கிட்டார் படுத்திருக்கும். அதை எடுத்துக்கொண்டு நடுச்சீட்டுக்கு வந்து உட்கார்ந்து, ஒரு தடவை தொண்டையைச் செருமிக்கொள்வார். பாடப்போகிறார் என்று நினைத்துவிட வேண்டாம். பாட அவருக்குச் சுத்தமாக வராது. காலியாக இருக்கும் ஐம்பத்திரண்டு சீட்டுகளுக்கு அவர் செய்கிற மரியாதை அது.

சோழவரத்தில் விடியுமுன் கிளம்பி, காரனோடை, தச்சூர் கூட்டு ரோடு, கவரைப்பேட்டை என்று ஆள் ஏற்றிக்கொண்டு, ஆறு மணி ஷிப்டுக்குக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இறக்கிவிட வேண்டும். மறுபடி ஏற்றிக்கொள்ள மதியம் இரண்டாகும். நடுவில் இருக்கிற எட்டு மணி நேரத்தை என்ன செய்வது என்பது கம்பெனி பஸ் ஓட்டுகிற எல்லோருக்கும் உள்ள கேள்விதான். மற்ற டிரைவர்கள் புங்கமரத்தடியில் சீட்டாடுவார்கள், தூங்குவார்கள், போனில் உறவுக்காரர்களோடு சண்டை போடுவார்கள். நாற்பத்தாறு வயது பென்னி மட்டும் ஸ்விங் கற்றுக்கொள்கிறார். எண்பது தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஜனங்கள் இரவெல்லாம் ஆடித் தீர்த்த ஜாஸ் இசை அது.

இது எப்படி இவரிடம் வந்து மாட்டியது என்றால், போன்தான் காரணம். இரண்டு வருஷத்துக்கு முன் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைத் தேடப்போனவருக்கு அது தானாக வேறொன்றைக் காட்டியது. கறுப்பு வெள்ளைப் படம். கோட்டுப் போட்ட பதினைந்து பேர் கன்னம் உப்ப ஊதுகிறார்கள். முன்னால் ஜோடி ஜோடியாக ஆடுகிறார்கள். ஓரத்தில் ஒருவர் கிட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார்.

"கை மட்டும் ஆடுது, சவுண்டே வர்ல. இன்னாடா, இந்தாளு ஏமாத்திக்கினு கீறாரானு பாத்தேன். பத்து வாட்டி கேட்டப்புறம்தான் தெரிஞ்சுது. அத்தினி பேரும் இந்தாளு மேலதான் ஏறிக் குந்திக்கினு கீறாங்க" என்று பக்கத்துப் பஸ் டிரைவர் குப்புராஜிடம் பென்னி அன்றைக்கே சொல்லியிருக்கிறார். குப்புராஜ் சீட்டைக் கலைத்தபடி, "அதுக்கு இன்னா இப்போ?" என்று கேட்டாராம்.

சர்ச்சில் பென்னி வாசிப்பது வேறு வகை. ஆறு கம்பியையும் மேலிருந்து கீழே வழித்துவிட்டால் போதும்; டிரம்ஸும் கீபோர்டும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஸ்விங்கில் அந்த ஊதாரித்தனம் கிடையாது. "மூணே கம்பிதான் பேசணும். மீதி மூணும் வாயப் பொத்திக்கினு இருக்கணும்" என்பார். வலது கை ஒரே சீராக நாலு நாலாக அடிக்கும். இடது கை அழுத்திய வேகத்தில் தளர்த்திவிடும். 'சக், சக், சக், சக்.' விரலைக் கம்பியை விட்டே எடுத்தால் சத்தம் இழுக்கும், எடுக்காவிட்டாலும் இழுக்கும். இந்த இடத்தில்தான் ஐந்து மாதம் முட்டிக்கொண்டு நின்றார். ஒரு நாள் லாரிக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தபோது இடது காலுக்குத் தெரிந்ததை இடது கைக்கும் சொல்லிவிடலாம் என்று பட்டது. அரைக் கிளட்ச்: முழுதாக அழுத்தவும் கூடாது, முழுதாக விடவும் கூடாது. அன்றோடு அது வந்துவிட்டது. கம்பியைத் தட்டுகிற வில்லையும் கடையில் வாங்கியதல்ல. காலாவதியான தன் கம்பெனி அடையாள அட்டையைக் கத்தரித்துச் செய்துகொண்டது; ஒரு முனையில் அவருடைய ஒரு காதும் கொஞ்சம் தலைமுடியும் இன்னும் தெரியும்.

சில ஸ்வரங்களைச் சேர்த்து அழுத்தும் ஸ்வரக்கட்டுகளுக்கு இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும் பெயர்கள் அவருக்கு நினைவில் நிற்கவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் தன் ரூட்டில் உள்ள ஸ்டாப்புகளின் பெயரை வைத்துவிட்டார். பாட்டு கிளம்புகிற கட்டு சோழவரம். முடிகிற கட்டும் சோழவரம். நாலு அடிக்கு ஒரு கட்டமாக முப்பத்திரண்டு கட்டம் கொண்ட பாட்டில் நடுவே வருகிற எட்டு மட்டும் வேறு பக்கம் திரும்பும். அது பொன்னேரி டைவர்ஷன். எங்கேயும் சேராமல் அந்தரத்தில் தொங்குகிற ஒரு கட்டு உண்டு. அதன் பெயர் ரயில்வே கேட். "அங்க யாரும் குடித்தனம் பண்ண முடியாது. நிக்கணும், தொறந்தா போவணும்." டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் இப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். ஒரு முறை அதை வாங்கிப் பார்த்த சூப்பர்வைசர், வண்டி ஏன் ஒரே நாளில் ஒன்பது தடவை ரயில்வே கேட்டுக்குப் போனது என்று விளக்கம் கேட்டார்.

தாளத்துக்குப் போனில் ஒரு செயலி இருந்தது. கொசு காதருகே வந்து போகிற மாதிரி இருக்கிறதென்று அதை எடுத்துவிட்டார். தேவையும் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம்தான் பிரஸ் ஷாப். அங்கே ஒரு மெஷின், கார் கதவுக்கான கீல் தகட்டை நாள் முழுக்க வெட்டித் தள்ளும். 'டொம்.' நாலு எண்ணினால் மறுபடி 'டொம்.' அது பஸ்ஸின் தரை வழியாக ஏறி பென்னியின் குதிகாலுக்கு வரும். பத்து மணிக்கு அது டீக்கு நிற்கும். இவரும் டீக்கு நிற்பார். அது கிளம்பினால் இவரும் கிளம்புவார்.

கட்டுகள் கைக்கு வந்த பிறகு சோலோவில் இறங்கினார். தாளக்கட்டை விட்டுவிட்டு, ஒற்றைக் கம்பியில் தன் பேச்சைத் தானே பேசிக்கொண்டு போக வேண்டும். கீழே 'டொம்' இருக்கிற தைரியத்தில் போவார். பதினோரு மணி வெயிலில் திரைகளெல்லாம் மஞ்சளாகி, தூசி அந்தரத்தில் நின்றுகொண்டிருக்கும். அப்போது நிற்கிற பஸ் மெல்ல நகர்வதாக அவருக்குத் தோன்றும். காலிச் சீட்டுகளில் ஒவ்வொருவராக வந்து உட்காருவார்கள்: கோட்டுக்காரர்கள், குடைபோல் விரிந்த பாவாடை கட்டிய பெண்கள். கவரைப்பேட்டையில் நிறுத்தினால் இறங்கி, ரோட்டிலேயே இரண்டு சுற்று ஆடிவிட்டு ஏறிக்கொள்வார்கள். டிக்கெட் கிடையாது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவி ஜெபாவைத் தவிர. "டீசலு யாரு போடுறா?" என்று மட்டும் ஜெபா கேட்டார்.

பஸ்ஸில் பென்னிக்கு ஒரே ஒரு தொந்தரவு, காரனோடையில் ஏறுகிற ஏழுமலை. ஐம்பத்துமூன்று வயது, காது மந்தம். இருபத்திரண்டு வருஷம் பிரஸ் ஷாப்பில் நின்றவருக்குக் காது மிஞ்சாது. கியருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடிமேல் போட்ட மெத்தைதான் அவர் இடம். உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார், வலது கால் மட்டும் தூங்காது. எழும்பும், அழுத்தும், எழும்பும், அழுத்தும். கியர் போடுகிற கையில் வந்து இடிக்கும்.

"அண்ணே! அந்தக் கால சும்மா வெய்யேண்ணே, பேஜாரா கீது!" என்று பென்னி காதருகே கத்துவார்.

"மன்னிச்சுக்கோ நைனா, அது எனுக்குத் தெரியாமயே ஆடுது" என்று ஏழுமலை முழங்காலை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். தூக்கத்தில் கை நழுவும். கால் மறுபடி ஆரம்பிக்கும்.

பென்னியின் மனசில் ஒரு முள் உண்டு. இருபத்தொரு வயதில், கிறிஸ்துமஸ் ஆராதனையில் தனியாக வாசிக்க அவரை எழுப்பி நிறுத்தினார்கள். பாதியில் கை நின்றுவிட்டது. சபை முழுதும் பார்த்துக்கொண்டிருக்க, பாடகர் குழுவிலிருந்த ஒரு பெண் சட்டென்று அடுத்த பாட்டை எடுத்து மானத்தைக் காப்பாற்றினாள். அந்தப் பெண்ணைத்தான் பிறகு கல்யாணம் செய்துகொண்டார். ஆனால் அதற்குப் பிறகு இருபத்தைந்து வருஷமாக அவர் தனியாக வாசிக்கவில்லை. சர்ச்சில் பின்வரிசை, பஸ்ஸில் எல்லோருக்கும் முதுகு. இந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் குடும்பங்களை அழைத்து மேடை போடுகிறார்கள் என்று தெரிந்ததும், வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் துளசிராமனிடம் போய் அவரே பெயர் கொடுத்தார். மூன்று நிமிஷம் கிடைத்தது. வீட்டுக்கு வந்து ஜெபாவிடம், "இந்த வாட்டி நின்னா, கிட்டார வித்துடுவேன்" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று ஜெபாவுக்குத் தெரியும்.

ஆயுத பூஜையன்று டிரைவர்களையும் உள்ளே விட்டார்கள். பஸ்ஸுக்கு மாலை, சந்தனம், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். கிட்டாரைப் பார்த்த துளசிராமன் அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார். இந்தக் கம்பெனி பஸ்ஸை ஓட்டும் பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக பென்னி பிரஸ் ஷாப்புக்குள் காலடி வைத்தார். மதிலை ஒட்டினாற்போல் நாலாம் நம்பர் பிரஸ் நின்றது, வாழைக்கன்றும் சாமந்தியுமாக. அதன் பக்கத்தில் ஏழுமலை புதுச்சட்டையில் தன் மனைவிக்குக் காட்டிக்கொண்டிருந்தார்: "இத்தான் என் மெஷினு. நானு கால வெச்சாதான் எறங்கும்."

இரண்டு வருஷம் தன் குதிகாலுக்கு வந்துகொண்டிருந்தது இதுதானா என்று பென்னிக்கு ஒரு கணம் சிலிர்த்தது. அடுத்த கணம் சுற்றிலும் பார்த்தார். மெஷின் நிற்கிறது. எல்லா மெஷினும் நிற்கிறது. 'டொம்' இல்லாமல் தான் ஒரு நாளும், ஒரு நிமிஷமும் சோலோ வாசித்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆயுத பூஜைக்குப் பெயர் கொடுத்த மனுஷருக்கு, அன்றைக்கு மெஷின் ஓடாது என்று தோன்றாமல் போயிற்று.

"அண்ணே, இத்த ஒரு மூணு நிமிசம் ஓட வுட முடியாதா?" என்று காதருகே கேட்டார்.

ஏழுமலை பதறிப்போனார். "இன்னா நைனா பேசுற? பூஜ போட்டதத் தொடலாமா? நாளிக்குக் காலைலதான்."

மேடையில், மியூசிக்கல் சேருக்கும் குழந்தைகள் நடனத்துக்கும் நடுவே பென்னியைக் கூப்பிட்டார்கள். முதல் முப்பத்திரண்டு கட்டமும் தாளக்கட்டு. அதைச் சமாளித்துவிட்டார், வலது கை பழக்கத்தில் ஓடியது. முன்னால் யாரோ, "பாட்டு எப்ப? இன்னும் டியூன் பண்ணிக்கினு கீறாரா?" என்றது மேடைவரை கேட்டது. சோலோவில் இறங்கினார். கீழே தரை இல்லை. விரல்கள் அவசரப்பட்டன; ஒன்றை ஒன்று முந்தின; பொன்னேரிக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. கை நின்றுவிட்டது.

அதே அமைதி. இருபத்தைந்து வருஷம் காத்திருந்து வந்த மாதிரி வந்தது. ஐந்தாவது வரிசையில் ஜெபா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை எடுத்துப் பாட அவரிடம் பாட்டு இல்லை. பென்னியால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணைத் தாழ்த்தினார்.

முன்வரிசையில், காது கேட்காது என்பதால் மேடையை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் ஏழுமலை தலை தொங்கத் தூங்கிக்கொண்டிருந்தார். பூஜைப் பொங்கல் அவரை வீழ்த்திவிட்டது. அவருடைய வலது கால் மட்டும் எழும்பி அழுத்திக்கொண்டிருந்தது. எழும்பியது. அழுத்தியது. பென்னி தன்னை அறியாமல் எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அழுத்தியது. மெஷினுக்கு லீவு விட்டவர்கள் அந்தக் காலுக்கு விடவில்லை.

இரண்டு தடவை அழுத்துகிறவரை காத்திருந்தார். மூன்றாவதில் ஏறிக்கொண்டார். சோழவரத்திலிருந்து மறுபடி ஆரம்பித்து, அந்த ரப்பர்ச் செருப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல், ரயில்வே கேட்டில் நின்று, பொன்னேரி போய்த் திரும்பி, கடைசிக் கட்டம்வரை வாசித்தார். பிரமாதம் என்று சொல்ல முடியாது. இரண்டு ஸ்வரம் தவறியது; ஒன்று வரவே இல்லை. மேடைக்குக் கீழே கைதட்டல் கொஞ்சம்தான். குழந்தைகள் நடனத்துக்கு ஸ்பீக்கர் மாற்றும் அவசரம் எல்லோருக்கும். ஜெபா மட்டும் மேடைப் படிவரை வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சோழவரம் வந்து சேந்துட்டியே" என்றார். பென்னி அழுதுவிட்டார். அதை மறைக்கவும் இல்லை.

சாயங்காலம் பஸ் நிறைந்துவிட்டது. மனைவிமார்கள், பிள்ளைகள், பரிசாகக் கிடைத்த எவர்சில்வர் டப்பாக்கள். ஏழுமலை வழக்கம்போல் இன்ஜின் மூடிமேல் ஏறி உட்கார்ந்தார். பென்னி வாசித்ததில் ஒரு ஸ்வரம்கூட அவர் காதில் விழவில்லை. "நல்லா இர்ந்துதாமே நைனா" என்று மட்டும் சொன்னார். விசேஷ நாளும் அதுவுமாகத் தொந்தரவு தரக்கூடாதென்று, தூங்குவதற்கு முன்பே முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பென்னி முதல் கியருக்குக் கையைக் கொண்டுபோனவர், நிறுத்தினார். ஏழுமலையின் கைகளை முழங்காலிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, அவர் மடியில் வைத்துவிட்டு, வண்டியை எடுத்தார்.