வெள்ளிக்கிழமை லீவு எடுத்த ஸ்கிரிப்ட்

இன்று மதியம் அம்மாவின் போனிலிருந்து அப்பா காணாமல் போனார்.

(போனிலிருந்து மட்டும்தான். ஆனால் அது எங்களுக்கு அப்போது தெரியாது.)

அப்பா மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஒரு சின்ன டேனரியில் ஃபிட்டர். தோல் ஊறும் டிரம்கள் வாரம் முழுக்கச் சுற்றும், வெள்ளிக்கிழமை மட்டும் லீவு. மெஷின் நிற்கும் அன்றுதான் ரிப்பேர் பார்க்க முடியும். அதனால் வெள்ளிக்கிழமைகளில் அப்பா உள்ளே தனி ஆள்.

அம்மா வீட்டிலேயே ஷூவின் மேல்தோலை, அப்பரை, தைக்கிறார். முதலாளி பாயிடம் கேட்டு, டேனரி கேமராவைத் தன் போனில் பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறார். போனை அட்டைப்பெட்டியில் சாய்த்து வைத்துக்கொண்டு, ஒரு தையல், ஒரு பார்வை.

அந்த கேமராவுக்கு வழி காட்டுவது நான் எழுதிய ஸ்கிரிப்ட், ஒரு குட்டி புரோகிராம்.

(ப்ளஸ் ஒன், கம்ப்யூட்டர் சயின்ஸ். சிரிக்காதீர்கள்.)

டேனரியின் இன்டர்நெட் முகவரி ஓர் எண். கரண்ட் போய் வந்தால் அது மாறிவிடும். அம்மாவின் போனுக்கு அந்த எண் தெரியாது, ஒரு டொமைன் பெயர் மட்டுமே தெரியும். பெயருக்கு எதிரே பழைய எண்ணை நீக்கிப் புது எண்ணை யாராவது எழுத வேண்டும். ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும் என் ஸ்கிரிப்ட் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைப் பார்த்து, மாறியிருந்தால் பதிவைத் திருத்தும்.

போன வாரம் ஒரு கையேட்டில், ‘தேவையில்லாமல் சர்வரைத் தொந்தரவு செய்யாதீர்கள்’ என்று படித்தேன். உடனே ஒரு வரி சேர்த்தேன்: வெள்ளிக்கிழமை என்றால் ஓடாதே.

எங்கள் பக்கம் வளர்ந்த யாருக்கும் வெள்ளி என்றால் லீவு என்றுதான் கை எழுதும். அப்பாவுக்கு அன்றுதான் வேலை என்று தெரிந்த எனக்கும்.

இன்று மதியம் அம்மா போனை என்னிடம் நீட்டினார்.

“ஏய், இன்னாடி இது? சும்மா சுத்தினே இருக்குது.”

“கரண்ட் போய் வந்திருக்கும்மா. அஞ்சு நிமிஷத்துல வந்துடும்.”

வரவில்லை.

அந்த டொமைன் பெயருக்கு எந்த எண் என்று லேப்டாப்பில் கேட்டுப் பார்த்தேன். பழைய எண்ணையே சொன்னது. அப்போதுதான் அந்த வரி நினைவுக்கு வந்தது.

புது எண் அந்த ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு லீவு கொடுத்தது நான்.

“அம்மா, இன்னைக்கு வராது. வெள்ளிக்கிழமை ஓடாதன்னு நான்தான் எழுதி வச்சிட்டேன்.”

“உங்கப்பாவுக்கு லீவாடி இன்னைக்கு?”

அப்பாவுக்கு போன் அடித்தோம். ரிங் போனது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தோம். எடுக்கவில்லை.

“கடைசியா எங்கம்மா பாத்த?”

“எடது பக்கமா போனாரு. பம்ப்பு அடச்சிக்கிச்சுன்னு காலையிலயே சொன்னாரு.”

இடது பக்கம் இருப்பது கழிவுநீர்க் குழி. தோல் வேலை நடக்கும் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: அதற்குள் விஷ வாயு இருக்கும். இறங்கியவர் மயங்கினால், அது மேலே நிற்கிறவருக்குத்தான் தெரியும். மேலே யாரும் இல்லை.

முதலாளி பாய்க்கு அடித்தோம். ஸ்விட்ச் ஆஃப். ஜும்மா நேரம். பக்கத்து டேனரிக்காரர்களும் பள்ளிவாசலில்தான் இருப்பார்கள்.

அம்மா ஊசியைத் தோலிலேயே குத்தி வைத்தார்.

“நீ சைக்கிள்ல போ. நான் பின்னாலயே நடந்து வர்றேன். குழிகிட்ட மட்டும் போவாத. வெளியவே நின்னு கத்து, புரியுதா?”

குழியில் மயங்கியவரைத் தூக்க இறங்குகிறவரும் அதிலேயே மயங்கி விழுவது இங்கே நடப்பதுதான். அம்மா எதை நினைத்துச் சொல்கிறார் என்று புரிந்தது. புரியாமலே இருந்திருக்கலாம்.

டேனரி கேட் உள்ளே தாழிட்டிருந்தது. கல்லை எடுத்துத் தட்டினேன். பதில் இல்லை. இன்னும் தட்டினேன், அப்பா அப்பா என்று கத்தினேன்.

தாழ் திறந்தது. கை முழுக்க கிரீஸோடு அப்பா.

“இன்னா பாப்பா? அம்மாவுக்கு இன்னா ஆச்சு?”

(நாங்கள் அவருக்காகப் பயந்தோம். அவர் என்னைப் பார்த்து அம்மாவுக்காகப் பயந்தார்.)

“ஏம்பா போன் எடுக்கல?”

“ஆபீஸ் டேபிள்ல கெடக்குது. பம்ப்பு ஓடுற சத்தத்துல எங்க கேக்கப் போவுது?”

“குழிக்குள்ள எறங்குனியா?”

“மேலருந்துதான் இழுத்தேன்.”

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பேன்ட் முழங்கால் வரை நனைந்திருந்தது.

அம்மாவுக்குச் செய்தி சொல்லிவிட்டு ஆபீஸுக்குள் ஓடி அந்த வரியை அழித்தேன், ஸ்கிரிப்டை ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் டொமைன் பெயர் புது எண்ணைச் சொன்னது. வெளியே வந்து அப்பா பக்கத்தில் நின்றுகொண்டு, வழியில் வந்துகொண்டிருந்த அம்மாவுக்கு போன் செய்தேன்.

“இப்ப தெரியுதாம்மா?”

“தெரியுது, தெரியுது. நீ நிக்கிற. அப்பா எங்கடி?”

“பக்கத்துலதான் நிக்கிறாரு.”

“நீ மட்டும்தான் தெரியுற.”

அப்பா என் கைக்கெட்டும் தூரத்தில் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் குழி. கேமராவின் பார்வை என்னோடு முடிந்துவிடுகிறது.

அம்மா வந்து சேர்ந்ததும் போனைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், குழியைப் பார்த்தார்.

“அப்ப நான் இத்தன வெள்ளிக்கிழமையா இன்னாத்தப் பாத்துனு இருந்தேன்?”

அப்பா, “சரி வா, பாய் வர்ற நேரம்” என்றார்.

ஸ்கிரிப்டை நான் திருத்திவிட்டேன். கேமராவைத் திருப்பினாலும் போதாது, வெள்ளிக்கிழமை அப்பாவோடு இன்னொரு ஆள் வேண்டும். அதை பாயிடம் கேட்க அப்பா தயங்குகிறார், வேறு ஃபிட்டரைப் பார்த்துக்கொள்வாரோ என்று. அம்மா நாளை கேட்கப் போவதாகச் சொல்கிறார்.

எப்படிக் கேட்டால் அப்பாவின் வேலைக்கு ஒன்றும் ஆகாது? இப்படிக் கேட்டுப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால், இன்றிரவுக்குள் சொல்லுங்கள்.