காலி செய்த அறை

ஆபீஸில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். அடுத்தவர் புரோகிராமில் தப்பு கண்டுபிடித்தால் ஆளை வறுத்தெடுத்துவிடுவாள். அதனாலேயே அவள் எழுதியதை யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. “பூதக்கண்ணாடி எழுதினதை நாம என்னத்தப் பாக்குறது?” என்று ஓகே போட்டுவிடுவார்கள். அதில் அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம்தான்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, கட்டிலோரம் அவள் கம்பெனி தயாரித்த டிரிப்ஸ் மெஷின் நின்றது. இதயத்துக்கான மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

“இதுக்குள்ள ஓடுறது நான் எழுதினதும்மா.”

“அப்ப எனக்கு ஒண்ணும் ஆகாதுடி.”

அந்த நேரம் பார்த்து வெளியே எங்கோ ஒரு அலாரம் கத்தியது. அவளுக்குத் தான் எழுதிய வரி ஒன்று சட்டென்று நினைவுக்கு வந்தது.

மெஷின் தன் கணக்குகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் ஸ்டாக் மெமரி ஒரு லாட்ஜ் மாதிரி. ஒரு வேலை தொடங்கினால் அதற்கு ஒரு அறை. முடிந்ததும் அறை காலி. அடுத்த வேலை அதே அறையில் வந்து உட்காரும். போன மாதம் அவசரத்தில், மருந்தளவைக் கணக்கிட்ட வேலை முடிந்த பிறகும், அளவைப் பார்க்க அந்தக் காலி அறைக்கே போகும்படி மெஷினுக்கு எழுதிவிட்டாள். வேறு யாரும் வராதவரை பழைய எண் அங்கேயே கிடக்கும். டெஸ்ட்டில் பாஸானது அதனால்தான். மெஷினில் அலாரம் அடித்தால், அந்த அலாரம் வேலை வந்து தன் எண்ணை அங்கே எழுதும். மெஷின் அதையே மருந்தளவு என்று நம்பி இறக்கும். அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிவைத்தாய்!

சொன்னால் வேலை போகும், மானமும் போகும். வாயை மூடிக்கொண்டு அம்மாவை மட்டும் காப்பாற்றிவிட்டால் என்ன?

“சிஸ்டர், இந்த மெஷின் சரியில்ல. மாத்திடுங்களேன்.”

நர்ஸ் சுற்றிப் பார்த்தார். “எதிர் பெட்ல இருக்கிறது வேற கம்பெனி, பழசு. அதை இங்க மாட்டிட்டு இதை அவருக்குப் போட்டுடறேன்.”

எதிர்க்கட்டில் பெரியவர் பேப்பரை மடித்துவிட்டுச் சிரித்தார். “எடுத்துக்கோம்மா, எனக்கு எதுவா இருந்தா என்ன?”

நர்ஸ் அவர் கையிலிருந்த குழாயைத் தொட்டுவிட்டார்.

“வேண்டாம் சிஸ்டர்!” குறுக்கே போய் நின்றாள். “இதை யாருக்கும் போடாதீங்க. இங்கயும் நிறுத்திட்டுக் கையால டிரிப்ஸ் விடுங்க. எழுதினது நான்தான். தப்பு என்னோடது.”

நர்ஸ் ஓடிவந்து மெஷினை நிறுத்தினார். அம்மா அவளையே பார்த்தாள். “இந்த மாதிரி எத்தனை கட்டில்லடி ஓடுது?”

“நூத்திப் பத்தும்மா,” என்றாள். போனை எடுத்து ஆபீஸ் நம்பரை அழுத்தினாள்.