துடக்கு வீட்டு ஓட்டக்காரி

என் அண்ணாவின் மனைவி, எனக்கு மச்சாள், ஓட்டத்துக்கான இலக்கத்தாளைச் சட்டையில் ஊசியால் குத்திக்கொண்டிருந்தபோதுதான் கனடாவிலிருந்து தொலைபேசி வந்தது. விடிந்தால் ஒஸ்லோவில் மரதன் ஓட்டம். எங்கள் இருவருக்கும் அதுதான் முதலாவது. அப்பாவின் தமையன், எங்கள் பெரியப்பா, காலமாகிவிட்டாராம். அண்ணா தொலைபேசியை வைத்துவிட்டு மச்சாளைப் பார்த்தார். "துடக்கு. நீர் ஓடேலாது" என்றார்.

இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. செத்தவர் என் இரத்த உறவு. ஆனால் நான் கலியாணம் கட்டி வேறு வீட்டுக்குப் போனவளாம், எனக்குத் துடக்கில்லை, சாவுத் தீட்டில்லை. அவரை ஒருநாள்கூடக் கண்டிராத மச்சாளுக்கு, அண்ணாவைக் கட்டிய குற்றத்துக்காக, ஒரு மாதத் துடக்கு. கோயிலுக்குப் போகக்கூடாது என்றால் விளங்கும். ஓட்டத்துக்கும் துடக்குக்கும் என்ன சம்பந்தம்? கேட்டேன். "சனம் என்ன கதைக்கும்?" என்றார். அதே கிழமை சிநேகிதன் வீட்டுக்கு உதைபந்தாட்டம் பார்க்கப் போனவரும் அவர்தான். அதைப் பற்றிச் சனம் ஒன்றும் கதைக்கவில்லை.

மச்சாள் பட்ட பாடு எனக்குத் தெரியும். இருவருக்கும் ஒரே வயது, முதியோர் இல்லத்தில் ஒரே வேலை. வேலை முடிந்து வந்து, சோற்றை வடித்து வைத்துவிட்டு, நாங்கள் குடியிருந்த புருசெத் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் உள்ள காட்டுப் பாதையில் ஓடுவோம். குளிர்காலத்தில் பாதை கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும். நான் வழுக்கி விழுந்து, "எனக்கு வேண்டாம் இந்தக் கோதாரி" என்று பனியிலேயே குந்திவிட்டேன். கையைப் பிடித்துத் தூக்கியவள் அவள்தான். மேட்டில் எனக்கு மூச்சு வாங்கினால், "கதைச்சுக்கொண்டு ஓடும் மச்சாள். கதைக்கேலாட்டி வேகம் கூடிப்போச்சு" என்பாள். ஊரிலுள்ளவர்களின் தலையையெல்லாம் உருட்டிக்கொண்டே ஓடிப் பழகினோம்.

மறுநாள் தனியே ஓடினேன். கதைக்க ஆளில்லை. அண்ணா மேலிருந்த கோபத்தில் முதற்பாதியைப் பாய்ந்து முடித்தேன். கோபம் கடைசிவரை கொண்டுபோய்விடும் என்று நினைத்தது என் மடைத்தனம். துறைமுகப் பக்கம் திரும்பியபோது கால்கள் மரக்கட்டையாகிவிட்டன. மிச்சத்தை நடந்தும் நொண்டியும் அழுதும் முடித்தேன். கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள். எனக்குச் சந்தோஷமே வரவில்லை.

அதற்குப் பிறகு மச்சாள் எந்த ஓட்டத்துக்கும் பெயர் பதியவில்லை. கேட்டால் "பாப்பம்" என்பாள். அண்ணாவோடு நான் பழையபடி சிரித்துக் கதைக்கிறேன். ஆனால் அந்தக் கோபம் மட்டும் ஆறவில்லை, ஆறவிடவும் எனக்கு மனமில்லை.

போன ஞாயிறு அண்ணா வீட்டில் விருந்து. படிப்பு முடித்த அவருடைய மகள் இந்த வருட மரதனுக்குப் பெயர் பதிந்திருக்கிறாள். வந்தவர்களிடம் அண்ணா பெருமையடித்துக்கொண்டிருந்தார். "ஓட்டம் எங்கடை ரத்தத்திலையே இருக்கு. என்ரை தங்கச்சியும் ஓடினவள்."

எனக்கு வாய் துடித்தது. அதற்குள் தேத்தண்ணியோடு வந்த மச்சாள் தட்டை மேசையில் வைத்தாள்.

"நானும் பதிஞ்சிட்டன்" என்றாள் அண்ணாவைப் பார்த்து. "இந்தமுறை ஆர் செத்தாலும் ஓடுவன்."