கேரியரில் வாத்தியார்

கருமத்தம்பட்டியில் ஒரு பஞ்சாலையில் வேலை பார்த்த ராமாமணிக்கு நாற்பத்திரண்டாவது வயதில் சைக்கிள் ஓட்ட வந்தது. ஷிஃப்டு வேன் நின்றுபோனதுதான் காரணம். மூன்றே சாயங்காலத்தில் கற்றுக்கொண்டாள். அதே மைதானத்தில் அதே வாரம் கற்றுக்கொள்ள வந்த அவள் புருஷன் லட்சுமிநாராயணன் இரண்டு தடவை விழுந்தார். இரண்டு தடவையும் ஒரே வேலிமுள்ளில். மூன்றாவது தடவைக்கு அவர் போகவில்லை.

லட்சுமிநாராயணன் சரித்திர வாத்தியார். கொங்கு நாட்டுக் கோயில்களைப் பற்றி இருபது வருஷமாகப் பாடம் நடத்தியவர். ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. பஸ் ஏறினால் அவருக்குக் குமட்டும். பள்ளிக்கூடம் நடந்து போகும் தூரத்திலேயே இருந்ததால் வேலைக்கு இதனால் பங்கம் வரவில்லை.

1994 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணிக்கு ராமாமணி தன் சைக்கிளைத் துடைத்து வாசலில் நிறுத்தினாள்.

“அவினாசியும் பூண்டியும் பாக்கோணும்னு எத்தனை வருசமாச் சொல்லீட்டிருக்கறீங்க. பின்னாடி உக்காருங்க, போய்ட்டு வந்தரலாம்.”

“ரோட்டுல பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?”

“தெரியலைங்க. போனாத்தானுங்க தெரியும்.”

பத்தாம் வகுப்பு படித்த மகள் பூஜிதாவையும் கூப்பிட்டார்கள். அவள் இருவரையும் பார்த்தாள், கேரியரைப் பார்த்தாள், கதவைச் சாத்திக்கொண்டாள். வாத்தியார் ஒரு நோட்டும் அளக்கும் டேப்பும் எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். புளிசாதப் பை ஹேண்டில்பாரில் தொங்கியது.

மேடு வந்தால் சொல்லாமலே இறங்கிக் கூடவே நடந்தார். இறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். கடந்துபோன லாரியிலிருந்து கிளீனர் தலையை நீட்டி என்னவோ கத்தினான். வழி கேட்கிறான் என்று நினைத்து வாத்தியார் அவினாசிப் பக்கம் கை காட்டினார்.

தெக்கலூர் தாண்டியதும், “நிறுத்து நிறுத்து” என்றார். ரோட்டோரத்தில் ஒரு கல் சாய்ந்து கிடந்தது. வாத்தியார் மண்டி போட்டு அதை நீளத்திலும் அகலத்திலும் அளந்தார். மேலே எழுத்தெல்லாம் தேய்ந்து ‘கி’ ஒன்றுதான் மிச்சம். ‘கி’யில் தொடங்கும் மன்னர்களை அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் பக்கத்தில் வந்தாள்.

“ஏனுங்க, என்ன தொலைச்சுப்போட்டீங்க?”

“ஒண்ணும் தொலைக்கலீங்க. இது நடுகல்லு. அந்தக் காலத்துல சண்டையில செத்தவங்களுக்கு நட்டது.”

“கிலோமீட்டர் கல்லுங்க அது. போன ஐப்பசியில லாரி இடிச்சுப்போட்டுது. யாரும் சாகலீங்க.”

வாத்தியார் நன்றி சொன்னார். எழுதின அளவுகளை அடிக்கவில்லை. பக்கத்தில் ‘இருபதாம் நூற்றாண்டு’ என்று சேர்த்துக்கொண்டார்.

அவினாசிக் கோபுரத்தின் முன்னால் அவர் தலையை அண்ணாந்தபடியே வெகுநேரம் நின்றார். நோட்டைப் பிரிக்கவில்லை. உடம்புக்கு என்னவோ என்று ராமாமணி பயந்துபோய்த் தண்ணீரை நீட்டினாள்.

“இத்தனை வருசமா” என்றார், “பசங்ககிட்ட ரொம்பச் சின்னதாச் சொல்லிப்போட்டேன்.”

அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கிருந்து திருமுருகன்பூண்டி மூன்று மைல். வேப்பமர நிழலில் சைக்கிளைப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனார்கள். சாமி கும்பிட்டபின் வாத்தியார் தலபுராணம் சொன்னார். சேர மன்னன் கொடுத்த பொன்னோடு இந்த வழியாக வந்த அடியார் ஒருவரை, சிவனே வேடர் வேஷத்தில் ஆள் அனுப்பிக் கொள்ளையடித்துவிட்டாராம். அடியார் கோயிலுக்கு வந்து சாமியையே வைது பாட, பறிபோனதெல்லாம் திரும்பி வந்ததாம்.

வெளியே வந்தால் சைக்கிள் இல்லை. புளிசாதமும் இல்லை. ஸ்டாண்டு பதிந்த தடம் மட்டும் மண்ணில் இருந்தது.

“இதே ஊர்லயே பாரு அம்மணி” என்றார் வாத்தியார். குரலில் துக்கம் இருந்தது. கொஞ்சம் திருப்தியும் இருந்தது.

“பாடிக்கீடிப் போடாதீங்க. கம்ப்ளெயிண்ட் குடுக்கலாம், வாங்க.”

விசாரித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தார்கள். அங்கே இருந்த ஏட்டு வாத்தியாரிடமே எல்லாம் கேட்டு எழுதி, படித்துக் காட்டினார்: “மேற்படி லட்சுமிநாராயணன் தன் மனைவியைப் பின்னால் உட்கார வைத்து சைக்கிளை ஓட்டி வந்து...”

“தப்புங்க” என்றாள் ராமாமணி. “ஓட்டுனது நானு.”

ஏட்டு பேனாவை நிறுத்தினார். “அப்ப இவரு?”

“பின்னாடி உக்காந்திருந்தாருங்க.”

“கால்ல அடி கிடி பட்டிருக்குதுங்களா?”

“நல்லாத்தானுங்க இருக்கறேன்” என்றார் வாத்தியார்.

“எழுதினதே இருக்கட்டுமுங்க அம்மா. திருட்டுக்கு ஓட்டுனது யாருன்னு முக்கியமில்லீங்க.”

“எனக்கு முக்கியமுங்க” என்றாள்.

ஏட்டு வாத்தியாரைப் பார்த்தார். “ஆவணம்ங்க. சரியா இருக்கோணும்” என்றார் வாத்தியார். ஏட்டு பெருமூச்சு விட்டு வேறு தாள் எடுத்தார்.

கருமத்தம்பட்டிக்கு பஸ்தான். வாத்தியார் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவினாசி தாண்டி ஒரு தடவையும் தெக்கலூரில் ஒரு தடவையும் வாந்தி எடுத்தார். ராமாமணி அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகி வந்த பிறகு அவளுக்கே அவளுக்கென்று கிடைத்த ஒரே பொருள் அந்தச் சைக்கிள்தான். அதில் ஏறினால் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

வாத்தியார் வாயைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார்.

“வேற வாங்கலாம்.”

“வாங்கி?”

“சேவூர் போலாம். அங்கயும் பழைய கோயில் ஒண்ணு இருக்குது.”

அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

தொலைந்த சைக்கிள் கிடைக்கவே இல்லை. சித்திரையில் புதிது வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சேவூர் போனார்கள். இந்தத் தடவை இருவரும் ஒன்றாக உள்ளே போவதில்லை என்று ராமாமணி சொல்லிவிட்டாள். முதலில் வாத்தியார் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அவரைக் காவலுக்கு வைத்துவிட்டு அவள் போனாள். ஒரு மணி நேரம் சாவகாசமாகச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது, வாத்தியார் சைக்கிளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அவள் பூட்டைத் திறந்து, சைக்கிளைத் திருப்பி, மணியடித்த பிறகுதான் நிமிர்ந்தார்.

“அதுக்குள்ள பாத்துட்டியா அம்மணி?” என்று கேட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேரியரில் ஏறினார்.